நிமிடத்துக்கு 40 டன் தண்ணீர்: தீயணைப்பு டக் ஒன்றின் பயன்பாட்டு மதிப்பீடு

2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் கொச்சிக்கு அருகே மூழ்கி, அதன் பெட்டகங்களிலிருந்து (கன்டெய்னர்கள்) கொட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் நம் குமரி மாவட்டக் கரைவரை வந்து ஒதுங்கின. அவற்றைப் பொறுக்கி முடிப்பதற்குள், ஜூன் 9 அன்று வான் ஹை 503 என்னும் பெட்டகக் கப்பல் கண்ணூருக்கு மேற்கே தீப்பிடித்தது. அதிலிருந்த 22 பேரில் 18 பேர் மீட்கப்பட்டனர், நால்வரைக் காணவில்லை. கடலோரக் காவல்படையின் கப்பல்கள் அதன்மீது நீர் பாய்ச்சிய காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, குளச்சலில் விசைப்படகு வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் கேட்டான்: “அண்ணே, நீரு வேல பார்த்த கப்பலும் இதே மாதிரிதானே? அது ஒண்ணு நம்ம துறையில நின்னா ஆவுமா, ஆவாதா? அத மட்டும் சொல்லும்.” ஆகும், ஆகாது என்று ஒரு சொல்லில் முடிக்க இயலாததால் இதை எழுத வேண்டியதாயிற்று.

நான் மேற்குக் கரையின் பெரிய துறைமுகம் ஒன்றில், தீயணைக்கும் கருவிகள் பொருத்திய டக் எனப்படும் இழுவைக் கப்பலின் எஞ்சின் அறையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றினேன். துறைமுகத்தின் பெயரும் கட்டியவர்களின் பெயரும் இங்கே தேவையில்லை. இதே வகைக் கப்பல்கள் பல துறைமுகங்களில் ஓடுகின்றன. குணங்களும் குறைகளும் பெரும்பாலும் பொதுவானவை.

எங்கள் டக் 32 மீட்டர் நீளமும், 60 டன் இழுவிசையும், ஏறக்குறைய 5 மீட்டர் மிதவை ஆழமும் கொண்டது. அதன் அன்றாட வேலை, வரும் கப்பல்களைத் தளத்தில் சேர்ப்பதும் போகும் கப்பல்களைப் பிரித்துவிடுவதுமே. தீயணைப்பு அதன் இரண்டாம் வேலை. தீயணைப்புக்கென்றே தனிப்படகு வைத்துக்கொள்ளும் துறைமுகங்கள் உலகில் குறைவு என்பதால், தீயணைப்புப் படகு என்று நாம் பேசுவது பெரும்பாலும் இத்தகைய டக்கைத்தான். இதற்குக் கப்பல் வகைப்பாட்டு நிறுவனங்கள் வழங்கும் தகுதிக் குறியை ஃபைஃபை என்பார்கள். முதல் படியான ஃபைஃபை-1 பெறுவதற்கு, மணிக்கு மொத்தம் 2,400 கனமீட்டர் நீர் பாய்ச்சும் இரண்டு நீர்ப்பீரங்கிகள் வேண்டும். நீர்த்தாரை 120 மீட்டர் தூரமும், கடல்மட்டத்திலிருந்து 45 மீட்டர் உயரமும் எட்ட வேண்டும். 24 மணி நேரம் இடைவிடாமல் பாய்ச்சுவதற்கான எரிபொருளும் இருக்க வேண்டும். இரண்டாம் படிக்கு மணிக்கு 7,200 கனமீட்டரும், மூன்றாம் படிக்கு 9,600 கனமீட்டரும் தேவை. நீர்ப்பீரங்கியைக் கப்பலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மானிட்டர் என்பதே வழக்கு.

எங்களுடையது ஃபைஃபை-1. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 40 டன் தண்ணீர், அதாவது நம்மூர்த் தெருக்களில் குடிநீர் கொண்டுவரும் 10,000 லிட்டர் லாரி நான்கை ஒவ்வொரு நிமிடமும் காலிசெய்யும் வேகம். உலகின் பெரிய படகுகளுக்கு முன்னால் இதுவும் சிறிதுதான். 2001 செப்டம்பர் 11 அன்று உயிரிழந்த நியூயார்க் தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கையையே பெயராகத் தாங்கி 2010-இல் பணிக்கு வந்த ‘த்ரீ ஃபார்ட்டி த்ரீ’ படகு, நிமிடத்துக்கு 50,000 கேலன், அதாவது ஏறக்குறைய 1,89,000 லிட்டர் பாய்ச்சும். 2019-இல் சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை பணியில் சேர்த்த ‘ரெட் செயில்ஃபிஷ்’ நிமிடத்துக்கு 2,40,000 லிட்டர் பாய்ச்சும். விளம்பரப் படங்களில் இந்த எண்களும் வானத்தில் விரியும் நீர்த்தாரைகளும்தான் முன்னால் நிற்கின்றன. ஒன்பது ஆண்டுகள் இதற்குள் கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படகு வாங்கும்போது இந்த எண்ணைக் கடைசியில் பார்த்தால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது, உத்தரவு வந்த நொடியிலிருந்து மானிட்டரின் வாயில் தண்ணீர் தெரியும்வரை ஆகும் நேரம். எங்கள் டக்கில் தீயணைப்புப் பம்பை ஓட்டத் தனி எஞ்சின் கிடையாது. பிரதான எஞ்சினின் முன்முனையிலிருந்து கிளட்ச், கியர்பாக்ஸ் வழியாகத்தான் பம்புக்கு ஓட்டம் போகிறது. எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, கிளட்சைப் பிடிக்கவைத்து, கடல்நீர் வால்வைத் திறந்து, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, பிறகு வேகத்தை ஏற்ற வேண்டும். எஞ்சின் சூடாகவும் ஆட்கள் இடத்திலும் இருந்தால் நான்கு நிமிடம் ஆகும். கப்பல் கட்டிக்கிடந்து, ஆட்கள் உறங்கிக்கொண்டிருக்கும் இரவில் இருபது நிமிடத்துக்குக் குறைந்து நாங்கள் ஒருமுறைகூடச் செய்ததில்லை. பம்புக்குத் தனி எஞ்சின் இருக்கும் கப்பல்களில் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். விலையும் பராமரிப்பும் கூடும்.

அடுத்தது வடிகட்டி. கப்பலின் அடிவயிற்றில் கடல்நீர் உள்ளே வரும் பெட்டியிலும், அதை ஒட்டிய ஸ்ட்ரெய்னர் என்னும் வடிகட்டியிலும் கொட்டலசு என்னும் ஒட்டுயிர்கள் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஆற்றுநீருடன் வரும் பிளாஸ்டிக் பைகள் ஒட்டிக்கொள்ளும். சொறிமீன் கூட்டமாக வரும் நாட்களில் ஒரு மணி நேரத்தில் அடைத்துவிடும். ஏப்ரல் 14-ஆம் நாள், தீயணைப்பு நாளின் ஒத்திகையில், மேடையில் அதிகாரிகள் அமர்ந்திருக்க, எங்கள் இடப்பக்க மானிட்டர் இரண்டு நிமிடம் கம்பீரமாகப் பாய்ச்சிவிட்டு, பிறகு இருமிக்கொண்டே ஒரு பனைமர உயரத்துக்குக் கீழே இறங்கியது. ஸ்ட்ரெய்னரின் மூடியைக் கழற்றியபோது உள்ளே இருந்தது கூழாகிப்போன சொறிமீனும், ஒரு மாவு மூட்டையின் சாக்கும். அன்று கிடைத்த வசவு இருக்கட்டும்; அந்த நாளின் வரலாறு தெரிந்தவனுக்கு அது வெறும் அவமானமாகத் தோன்றாது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில், பஞ்சுப் பொதிகளையும் வெடிபொருளையும் ஒன்றாக ஏற்றி நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பலில் பிற்பகலில் புகை தெரிந்தது. மாலை 4 மணி தாண்டியதும் கப்பல் வெடித்தது. அந்தப் பணியில் மாண்ட தீயணைப்பு வீரர்கள் 66 பேர். அவர்கள் நினைவாகத்தான் நாடு முழுவதும் அந்த நாளில் ஒத்திகை நடக்கிறது. இரட்டை ஸ்ட்ரெய்னர் இருந்தால் ஒன்று ஓடும்போதே மற்றொன்றைத் திறந்து துடைக்கலாம். எங்களுடையதில் ஒன்றுதான் இருந்தது. புதிய கப்பலைப் பார்க்கச் செல்பவர்கள் சுக்கான் அறையின் குளிர்சாதனத்தைப் பார்ப்பதற்கு முன் கீழே இறங்கி இதைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதும் முக்கியமானதும், ஓரிடத்தில் நிற்கும் திறன். நொடிக்கு ஏறத்தாழ 330 கிலோ தண்ணீர் ஒரு மானிட்டரிலிருந்து வெளியேறும்போது, அது கப்பலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டால், ஒரு மானிட்டருக்கு ஒன்றரை டன் விசைக்குக் குறையாது. இரண்டுக்குமாக மூன்று டன். இழுவிசை 60 டன் உள்ள கப்பலுக்கு இது தூசிதானே என்று தோன்றும். ஆனால் அந்த எஞ்சின்களில் ஒன்று பம்பை ஓட்டிக்கொண்டிருக்கிறது. பம்புக்கு முழு வேகம் வேண்டும். எரியும் கப்பலின் பக்கத்தில் 40 மீட்டரில் நிற்கும் டக்குக்கோ ஊர்ந்து நகரும் அளவு விசை போதும். இந்த இரண்டு தேவைகளும் ஒரே எஞ்சினில் சேராது. இதழ்களின் சாய்வை மாற்றக்கூடிய உந்துவிசிறி இருந்தால் வேகத்தை ஏற்றிவைத்து விசையை மட்டும் குறைக்கலாம். எங்களுடையது நிலையான இதழ் கொண்டதாகையால், பின்புறத்து இரண்டு சுழல் விசிறிகளையும் எதிரெதிராகத் திருப்பி, ஒன்றின் விசையை மற்றொன்றால் அழித்துக்கொண்டு நிற்போம். கச்சான் என்னும் மேல்காற்றும் நீவாடு என்னும் கடல் நீரோட்டமும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும் ஆனி, ஆடி நாட்களில் எங்கள் கேப்டனின் இரு கைகளும் இரண்டு நெம்புகோல்களிலிருந்து நகரவே நகராது. தேநீரை யாராவது வாயில் வைத்துக் கொடுக்க வேண்டும். மானிட்டரை இயக்குபவர் தாரையை வலப்பக்கம் திருப்பினால் அணியம், அதாவது கப்பலின் முன்முனை, இடப்பக்கம் ஓடும். இவர்கள் இருவரும் ஒருவர் மனத்தை ஒருவர் அறிந்திருக்காவிட்டால், 40 டன் தண்ணீரும் கடலிலிருந்து எடுத்துக் கடலிலேயே ஊற்றப்படும். ஒரே கேப்டனும் ஒரே இயக்குநரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் பழகிய ஒரு சிறு டக், புதிய ஆட்கள் ஏறிய ஒரு பெரிய படகைவிட மேல் என்பது என் கணிப்பு.

உண்மையான தீயில் இதை ஒருமுறைதான் பார்த்தேன். நங்கூரத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பலின் பின்பகுதியில், ஆட்கள் தங்கும் கட்டடத்துக்குக் கீழே, இரவில் தீப்பிடித்தது. கப்பல்காரர்கள் எஞ்சின் அறையின் காற்றுவழிகளை மூடி, கரியமில வாயுவைத் திறந்துவிட்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த உத்தரவு, உள்ளே ஒரு சொட்டும் போகக்கூடாது, வெளித் தகட்டை மட்டும் குளிரவைக்க வேண்டும் என்பது. மானிட்டரின் வாயை விரித்து, தாரையை விசிறிபோல் ஆக்கித் தகட்டின்மீது படரவிட்டோம். பிறகு நீரைச் சற்று விலக்கிப் பார்க்கச் சொன்னார் கேப்டன். நனைந்த தகடு முழுவதும் கறுப்பாக மின்னியது. ஓரிடத்தில் மட்டும் ஒரு பாய் விரித்த அளவுக்கு உடனே ஆவி எழுந்து, தகடு காய்ந்து சாம்பல்நிறமாகியது. அங்கேதான் உட்புறத்தில் தீ இருந்தது. வண்ணப்பூச்சு அப்பளம்போல் கொப்புளித்துக்கொண்டிருந்தது. அந்தப் பாயளவு இடத்தின்மீதும் அதன் ஓரங்களின்மீதும் விடியும்வரை நீர் விட்டோம். ஒவ்வொரு அரைமணிக்கும் விலக்கிப் பார்த்தபோது காயும் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. காலையில் பார்த்தவர்களுக்கு நாங்கள் எதையும் அணைத்ததாகத் தெரிந்திருக்காது. தீ பக்கத்து எண்ணெய்த் தொட்டிக்குப் போகவில்லை, அவ்வளவே.

உள்ளே நீர் விடாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கில், போர்ப்பணிக்காக மாற்றியமைக்கப்பட்டுக்கொண்டிருந்த ‘நார்மாண்டி’ என்னும் மாபெரும் பயணிகள் கப்பலில், இரும்பு வெட்டும் பொறி உயிர்காப்பு அங்கிகளின் குவியலில் விழுந்து தீப்பிடித்தது. படகுகளும் கரையிலிருந்த தீயணைப்பு வண்டிகளும் சேர்ந்து தண்ணீரைக் கொட்டித் தீயை அடக்கின. மேல்தளங்களில் தேங்கிய அந்தத் தண்ணீரின் எடையால் கப்பல் சாய்ந்துகொண்டே போய், மறுநாள் அதிகாலையில் தளத்தின் ஓரத்திலேயே கவிழ்ந்தது. நிமிடத்துக்கு 40 டன் என்பது பத்து நிமிடத்தில் 400 டன். எரியும் கப்பலின் மேல்தளத்தில் அதை ஏற்றுவதற்கு முன், அது வடிவதற்கு வழி இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டும்.

நுரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எண்ணெய்த் தீயில் வெறும் நீர் உதவாது. எண்ணெய் அதன்மேல் மிதந்து எரியும். எங்கள் தொட்டியில் 12 கனமீட்டர் நுரைச்சாறு இருந்தது. நுரைக்காகத் தாரையை மணிக்கு 300 கனமீட்டராகக் குறைத்து, நூற்றுக்கு மூன்று பங்கு கலந்தால், ஒரு மணி இருபது நிமிடத்தில் அது தீரும். அதற்குள் அடுத்த பீப்பாய்கள் வந்து சேராவிட்டால் போட்ட நுரையும் கலைந்து, வேலை முதலிலிருந்து தொடங்கும். பழைய வகை நுரைச்சாறுகளில் மண்ணிலும் நீரிலும் சிதையாத ஃபுளோரின் சேர்மங்கள் உள்ளன என்பதால், மீன்பிடிக்கும் கடலுக்குப் பக்கத்தில் ஃபுளோரின் இல்லாத புதிய வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. நீரே ஆகாத சரக்கும் உண்டு. எல்சா 3-இன் பெட்டகங்களில் 12-இல் இருந்தது கால்சியம் கார்பைடு. தண்ணீர் பட்டால் எளிதில் தீப்பற்றும் அசெட்டிலீன் வாயு வரும். சரக்குப் பட்டியல் கைக்கு வராமல் மானிட்டரைத் திறப்பது, கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பதைப் போன்றது.

நல்லவை சிலவற்றையும் சொல்லிவிட வேண்டும். டக்கின் உடல் முழுவதையும் நீர்த்திரையால் மூடிக்கொள்ளும் தெளிப்பான் அமைப்பு அருமையானது. அது ஓடும்போது சுக்கான் அறையின் கண்ணாடிக்கு வெளியே அடைமழையில் நிற்பதுபோல் இருக்கும். வெளியே வெப்பம் முகத்தைச் சுடும் தூரத்தில்கூட உள்ளே வியர்க்காது. மானிட்டர்களை உள்ளிருந்தே சிறு பிடியால் திருப்பலாம். கைப்பிடியால் திருப்பும் மாற்றுவழியும் இருந்தது; இரண்டாம் ஆண்டிலேயே உப்புக்காற்றில் மின்இணைப்பு அரித்துப்போனபோது அது கைகொடுத்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நன்னீரால் கழுவியிருந்தால் அரித்திருக்காது என்று உற்பத்தியாளர் தரப்பு சொன்னது. அதுவும் சரிதான், நாங்கள் கழுவவில்லை.

கரைக்குத் தண்ணீர் கொடுக்கும் வசதியை வாங்குபவர்கள் கவனிப்பதில்லை. டக்கின் பக்கவாட்டில் குழாய் மாட்டும் வாய்கள் வரிசையாக உண்டு. அவற்றில் குழாய் மாட்டினால் கடலே கரை வண்டிகளுக்குத் தொட்டியாகிவிடும். 1931-இல் கட்டப்பட்டு, பணி ஓய்வும் பெற்றுவிட்ட நியூயார்க்கின் ‘ஜான் ஜே. ஹார்வி’ படகு, 2001 செப்டம்பர் 11 அன்று தெருக் குழாய்கள் உடைந்து வறண்டபோது, ஆற்றிலிருந்து நீரெடுத்துக் கரையிலிருந்த வீரர்களுக்குக் கொடுத்தது இப்படித்தான். நீர்த்தாரையை ஆகாயத்தில் காட்டுவதைவிட இது பெரிய வேலை என்பேன்.

பெட்டகக் கப்பல்களிடம் இந்த டக் தோற்றுப்போகிறது. நம் எல்லைக்கு அப்பால் விழிஞ்ஞத்தில் 2025 ஜூனில் வந்து நின்ற எம்.எஸ்.சி. ஐரினா என்னும் பெட்டகக் கப்பல் ஏறக்குறைய 400 மீட்டர் நீளமும் 61 மீட்டர் அகலமும் உள்ளது. வெளியிலிருந்து வரும் தாரை ஓரத்து வரிசைப் பெட்டகங்களைக் கழுவிவிட்டு வழிந்துவிடும். நடுவரிசையில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் எரிவதை அது தொடாது. வான் ஹை 503-இல் தீ வாரக்கணக்கில் நீடித்ததற்கு வியப்படைய எதுவுமில்லை. அத்தகைய கப்பலில் டக் செய்யக்கூடியது தகட்டைக் குளிரவைப்பதும், ஆட்களை இறக்குவதும், இழுத்துச் சென்று ஆழ்கடலில் நிறுத்துவதுமே. அந்த மூன்றாவது வேலையில் 60 டன் இழுவிசை, இரண்டு மானிட்டர்களையும்விட மதிப்புள்ளது.

இனி தம்பியின் கேள்விக்கு வருகிறேன். சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய நம் மீன்பிடித் துறைமுகங்களுக்கு இந்த டக் பொருந்தாது. 5 மீட்டர் அமிழும் கப்பல், மணல் மூடிக்கிடக்கும் தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் நுழையாது. நுழைந்தாலும் நெருக்கமாகக் கட்டிய படகுகளுக்கு நடுவே திரும்ப இடமில்லை. அருகில் நின்று முழுத் தாரையைத் திறந்தால் தீயோடு நாட்டுப்படகும் கவிழும். ஆனால் ஆபத்து இல்லை என்று பொருளல்ல. 2023 நவம்பர் 19 இரவு விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் பிடித்த தீ, டீசல் தொட்டிகளும் சமையல் எரிவாயு உருளைகளும் வெடிக்க வெடிக்கத் தாவி, ஏறக்குறைய 40 படகுகளை எரித்தது. நம்மிடம் மேற்குக் கரைத் தடைக்காலமான ஜூன், ஜூலையிலும், சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், படகுகள் தோளோடு தோளாகக் கட்டிக்கிடக்கும். அந்த நாட்களில்தான் வெல்டிங்கும் ஃபைபர் ஒட்டும் வேலையும் நடக்கும். நார்மாண்டியை எரித்ததும் அப்படி ஒரு பொறிதான்.

இங்கே வேண்டியது ஒரு மீட்டர் ஆழத்தில் மிதக்கும் சிறு படகு, அதில் நிமிடத்துக்கு ஆயிரம் இரண்டாயிரம் லிட்டர் பாய்ச்சும் பம்பு, எரியும் படகின் கயிற்றை வெட்டி வெளியே இழுத்துப் போவதற்கு ஒரு கொக்கியும் சங்கிலியும். கொக்கியையும் சங்கிலியையும் மறக்காமல் எழுதிக்கொள்ளத் தம்பியிடம் சொன்னேன். தாவும் தீயில் படகுகளைப் பிரிப்பதே முதல் வேலை. கயிறு எரிந்துபோகும், சங்கிலி நிற்கும்.

சென்ற மாதம் தம்பியும் மற்றவர்களுமாக ஆறு படகுக்காரர்கள் சேர்ந்து, பெட்ரோலில் ஓடும் பம்பு ஒன்றை வாங்கி வள்ளத்தில் ஏற்றி, குளச்சல் படகுத்தளத்துக்கு அருகே ஓட்டிக் காட்டினார்கள். மூன்றாம் இழுப்பில் எஞ்சின் பிடித்தது. ஒரு நிமிடத்துக்குள் குழாய் முறுக்கேறித் தண்ணீர் வந்தது. இரண்டு பேர் பிடித்தும் குழாயின் வாய் துள்ளியது. ஐந்து நிமிடத்தில் தாரை பழுப்பாகிப் பிறகு மெலிந்தது. உறிஞ்சுகுழாய் அடிமணலைத் தொட்டுக்கொண்டிருந்தது. பம்பை நிறுத்தித் திறந்து, மணலைக் கழுவி, உறிஞ்சுகுழாயின் முனையை ஒரு மீன்கூடைக்குள் வைத்துக் கட்டி, கூடைக்கு இரண்டு மிதவைகள் போட்டோம். மறுமுறை இருபது நிமிடம் நிற்காமல் ஓடியது. முடிந்ததும் ஒரு குடம் நன்னீர் ஊற்றிக் கழுவச் சொன்னேன். தம்பி குழாயடிக்குப் போயிருந்தான், அன்று தண்ணீர் வரவில்லை.